ஐஸ் பிடித்த காரைத் துடைக்காதீர்கள்!

வண்டி வாகனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையில் உறைபனி இறங்கும் மாதங்கள் இவை. அதனால் இந்த இதழில் பனி பற்றிய கேள்விகள் மட்டும். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

*

கேள்வி: திறந்த வெளியில்தான் காரை நிறுத்துகிறேன். காலை ஆறரைக்கு எடுத்தாக வேண்டும். பானெட், கூரை, கண்ணாடி எல்லாம் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்திருக்கிறது. பழைய தேங்காய்ப்பூத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு எடுப்பது வழக்கம். கருப்பு கலர் கார். இப்போது வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். ஐஸ் பெயின்டைக் கீறுமா?
— காந்தல், உதகை

பதில்: ஐஸ் கீறாது. கீறியது அதற்கு அடியில் கிடந்த தூசி.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரம் பிரிப்பது மோஸ் அளவு. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய பனிக்கட்டியின் கடினம் அதில் சுமார் 1.5தான். நகமே அதைவிடக் கடினம். ஆனால் ரோட்டுத் தூசியில் இருக்கும் மணல், அதாவது குவார்ட்ஸ், அதே அளவில் 7. கண்ணாடியே ஐந்தரை ஆறுதான் வரும். நாள் முழுக்க ஓடிய வண்டியின் மேல் இந்தத் தூசி மெல்லியதாகப் படிந்திருக்கும். இரவில் அதன் மேலேயே பனி உறையும். காலையில் நீங்கள் துண்டை வைத்து அழுத்தும்போது மணல் துகள்கள் ஐஸோடு ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி நகர்கின்றன. கை வட்டமாகப் போனால் கோடும் வட்டமாகத்தான் விழும். கருப்பு வண்டியில் பளிச்சென்று தெரிகிறது, வெள்ளை வண்டியில் தெரிவதில்லை. கீறல் இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு கேள்வி: பானெட்டையும் கூரையையும் ஏன் துடைக்க வேண்டும்? ஊட்டியில் வருவது ஓரிரு மில்லிமீட்டர் உறைபனி. காஷ்மீரில் போல ஒரு முழம் பனி ஏறி, பிரேக் போடும்போது சரிந்து முன் கண்ணாடியில் விழப்போவதில்லை. பானெட் பனி இன்ஜின் சூட்டில் பத்து நிமிடத்தில் இளகிவிடும், கூரைப் பனி வெயில் பட்டதும் ஓடிவிடும். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடிகள், சைடு மிரர், ஹெட்லைட், பின் விளக்குகள், நம்பர் பிளேட். இவை தெளிவாக இருந்தால் போதும். பெயின்ட் பக்கம் கையே போக வேண்டாம். இந்தப் பக்கத்தில் இதைவிட லாபமான யோசனை வேறு இல்லை, செலவும் இல்லை.

கல்யாண வண்டி, ஃபோட்டோவுக்குப் பளிச்சென்று நிற்க வேண்டும் என்றால் தண்ணீர்தான் வழி. தொட்டித் தண்ணீர் போதும், சுடவைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் உறைபனியை இளக்க ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு லிட்டர் சாதாரணத் தண்ணீர் ஆகும். பானெட்டும் கூரையும் சேர்ந்து மூன்றரை சதுர மீட்டர் என்று வையுங்கள், ஒரு சின்ன வாளி கணக்கு வரும். கூரையின் நடுவிலிருந்து செம்பால் மெதுவாக, பாய்ந்தோடும்படி ஊற்றுங்கள். தூசியும் அதோடு வழிந்து போகும். அதன் பிறகுதான் துணி. அதுவும் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர், 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை). அழுத்தாமல், வட்டம் போடாமல், முன்னிருந்து பின்னாக நேர்கோட்டில் ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் வேஸ்ட் துணியை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, அதில் இரும்புத் தூளே இருக்கும்.

விடிவதற்கு முன்னால் இதைச் செய்யாதீர்கள். மலையில் சூரியன் எழும் நேரம்தான் மிகக் குளிர்ந்த நேரம். ஊற்றிய தண்ணீர் கதவு இடுக்கிலும் ரப்பரிலும் தேங்கி மறுபடி உறைந்து, கதவு திறக்காமல் போகும்.

*

கேள்வி: எங்கள் தெருவில் என் வண்டி முழுக்க ஐஸ். இருபதடி தள்ளிச் சீகை மரத்தடியில் நிற்கும் பக்கத்து வீட்டு ஜீப்பில் ஒரு துளி இல்லை. குளிர் இரண்டுக்கும் ஒன்றுதானே?
— தலைக்குந்தா

பதில்: காற்றின் குளிர் ஒன்றுதான், தகரத்தின் குளிர் வேறு.

மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் கார் கூரையும் கண்ணாடியும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். தகரம் மெல்லியது, பிடித்துவைக்க வெப்பம் அதனிடம் இல்லை. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். காற்று 3 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டும் இரவில்கூட உங்கள் கார் கூரை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கலாம். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் நேரடியாக ஐஸாகப் படிகிறது. மரத்தடி வண்டிக்கு மேலே வானம் இல்லை, இலைகள் இருக்கின்றன. இலையின் சூடு காற்றின் சூட்டை ஒட்டியே இருக்கும், அது கீழே திரும்பி வரும். மேகமூட்டமான இரவில் யார் வண்டியிலும் ஐஸ் பிடிக்காததற்கும் காரணம் இதுவே. கீழே நடப்பதை மேலே இருப்பதுதான் முடிவு செய்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கும். தலைக்குந்தா, ஊட்டி குதிரைப் பந்தய மைதானம், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய தாழ்வு, இங்கெல்லாம் முதலில் வெள்ளை பூப்பது அதனால்தான். நிறுத்த இடம் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால், பள்ளத்திலிருந்து கொஞ்சம் ஏறிச் சரிவில் நிறுத்துங்கள். தகரக் கொட்டகையோ தார்ப்பாய்ப் பந்தலோ போதும், சுவர் வேண்டியதில்லை. வானத்தை மறைத்தால் சரி. அதுவும் இல்லையென்றால் முன் கண்ணாடி வீட்டுச் சுவரை நெருங்கிப் பார்க்கும்படி நிறுத்துங்கள். திறந்தவெளிதான் கதி என்றால், முகம் கிழக்கே இருக்கட்டும். வெயில் வந்த மாத்திரத்தில் முன் கண்ணாடி தெளிந்துவிடும்.

மரத்தடிக்கு ஒரு எச்சரிக்கை. சைப்ரஸ் மரம் பிசின் சொட்டும், எந்த மரத்தடியிலும் பறவை எச்சம் விழும். இரண்டும் உறைபனியைவிட பெயின்டுக்கு மோசம். காற்று பலமாக இருந்தால் கிளை பற்றியும் யோசிக்க வேண்டும்.

*

கேள்வி: தங்கும் விடுதியில் டிரைவர்கள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து முன் கண்ணாடியில் ஊற்றுகிறார்கள். உடனே போய்விடுகிறது. என்ன தப்பு?
— கொடைக்கானல்

பதில்: பத்து முறை ஒன்றும் ஆகாது. பதினோராவது முறை கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடியின் வெளிப்பக்கம் திடீரென்று விரிகிறது, உள்பக்கம் இன்னும் குளிரில் சுருங்கியே இருக்கிறது. கல் தெறித்து நெல்மணி அளவு ஒரு புள்ளி விழுந்திருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பி ஓரம் வரை போகும். மேட்டுப்பாளையம் சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடிய வண்டியில் அப்படி ஒரு புள்ளி இல்லாமல் இருக்காது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த கண்ணாடி என்பதால் உடைந்து கொட்டாது, ஆனால் மாற்றியே ஆக வேண்டும். கொதிநீர் வழிந்தோடி வைப்பரின் அடியில் தேங்கி மறுபடி உறைவது தனிக் கதை.

*

கேள்வி: வெந்நீரும் கூடாது, அழுத்தித் துடைக்கவும் கூடாது என்றால் கண்ணாடி ஐஸை எப்படித்தான் எடுப்பது? கடையில் விற்கும், ஐஸை இளக்கும் டீ-ஐசர் ஸ்ப்ரே இங்கே கிடைப்பதில்லை.
— குன்னூரிலிருந்தும் எமரால்டிலிருந்தும் இரண்டு வாசகர்கள்

பதில்: வீட்டிலேயே கலக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேளுங்கள். அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டிலில் அது 250 மில்லி, சுத்தமான தண்ணீர் 250 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. அவ்வளவுதான். இந்தக் கலவை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும், நம் மலைக்கு அதுவே அதிகம். மணாலி, லடாக் போகிறவர்கள் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கொரோனா காலத்தில் வாங்கிவைத்த சானிடைசர் உதவுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெல் வகை வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் கொழகொழவென்று அப்பிக்கொள்ளும். தண்ணீர் போன்ற வகையிலும் கிளிசரின் கலந்திருந்தால் எதிர் வெளிச்சத்தில் கண்ணாடி மங்கும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றையும் மறந்துவிடுங்கள். தின்னர் பெயின்டையே கரைக்கும்.

அடிக்கும் முறை: கண்ணாடியின் மேல் ஓரத்தில் தொடங்கிக் கிடைமட்டமாக வரிசை வரிசையாக. ஒரு முன் கண்ணாடிக்கு 60 முதல் 80 மில்லி பிடிக்கும். அடித்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடித்த கையோடு தேய்க்க ஆரம்பித்தால் ஸ்ப்ரே வீண். வெள்ளை நிறம் போய்ச் சாம்பல் நிறக் கூழாக மாறும், அப்போது வைப்பரை இரண்டு முறை ஓட்டினால் தெளிந்துவிடும்.

இது எரியும் திரவம். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. காருக்குள் உட்கார்ந்து அடிக்கக் கூடாது, பாட்டிலை டாஷ்போர்டு மேல் வெயிலில் வைக்கக் கூடாது. பெயின்டில் கொஞ்சம் பட்டால் கெடுதல் இல்லை, வேக்ஸ் மட்டும் போகும். ஆனால் புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதியில் ஒரு மாதத்துக்குப் படவிடாதீர்கள்.

கூடவே இன்ஜினையும் வேலை வாங்குங்கள். காற்றுத் திசையை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஏசி பட்டனையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று சிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். ஹீட்டர் குமிழைக் குளிரிலிருந்து மெல்ல மெல்லச் சூட்டுக்குக் கொண்டுபோனால் கண்ணாடிக்கும் நல்லது. இன்ஜின் சூடேற ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும், டீசல் இன்னும் தாமதம். பின் கண்ணாடியில் செம்பு நிறக் கோடுகள் இருந்தால் அதற்குத் தனிப் பட்டன் உண்டு, பத்து நிமிடம் போட்டு அணையுங்கள். அந்தக் கோடுகள் உள்பக்கம் ஒட்டியவை, உள்ளிருந்து எதையும் வைத்துச் சுரண்டினால் அறுந்துவிடும்.

*

கேள்வி: ஏடிஎம் கார்டால் சுரண்டுவேன். நன்றாகத்தான் வருகிறது.
— கேத்தி

பதில்: கார்டின் சிப் கெடும் வரை நன்றாகத்தான் வரும். சுரண்டியே தீர வேண்டும் என்றால் கண்ணாடிக்கென்று விற்கும் பிளாஸ்டிக் சுரண்டி வாங்குங்கள். கண்ணாடியோடு 30, 40 டிகிரி சாய்வாகப் பிடித்து, முன்னோக்கித் தள்ளி, ஒவ்வொரு தள்ளலுக்கும் முனையைத் துடைக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல், தோசைக் கரண்டி, பிளேடு ஆகாது. முந்தின நாள் சாயங்காலமே கண்ணாடித் தூசியைக் கழுவியிருந்தால்தான் எந்தச் சுரண்டலும் பாதுகாப்பு. மணல் கண்ணாடியையும் கீறும் என்று மேலே பார்த்தோம். நான்கு மணிக்குள் கழுவி, ஓர ரப்பர் வரை உலர்த்திவிடுங்கள். ஈரத்தோடு இரவுக்கு விட்டால் மொத்தக் கதையும் திரும்ப ஆரம்பிக்கும்.

ஹெட்லைட் மூடி கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதில் சுரண்டி படவே கூடாது. ஒரு செம்பு தண்ணீர், முடிந்தது.

*

கேள்வி: காலையில் வைப்பர் போட்டால் "உம்ம்" என்று சத்தம் மட்டும் வருகிறது, அசையவில்லை. போன வாரம் ஃபியூஸ் போய்விட்டது.
— பாம்பார்புரம், கொடைக்கானல்

பதில்: ஃபியூஸ் போனது உங்கள் அதிர்ஷ்டம். அது போகாமல் இருந்திருந்தால் மோட்டார் போயிருக்கும், இல்லை கம்பி இணைப்பின் பல் தேய்ந்திருக்கும். ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கிறது. இன்ஜினை அணைக்கும் முன் வைப்பர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரவிலேயே பாருங்கள். போட்டபடி விட்டால் மறுநாள் சாவி திருப்பியதும் ஒட்டிய வைப்பர் இழுக்கத் தொடங்கும். இரவில் வைப்பர் கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவைப்பது நல்லது. சில புது கார்களில் வைப்பர் பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும், அதை அப்படியே தூக்கினால் பானெட் ஓரத்துப் பெயின்ட் பெயரும். வண்டிக் கையேட்டில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவரும் முறை இருக்கும். ஒட்டிவிட்ட வைப்பரை இழுத்துப் பிடுங்காமல் ஸ்ப்ரேயை ரப்பர் நெடுக அடித்து இளக்குங்கள். பிடுங்கினால் ரப்பரின் விளிம்பு கிழியும், அப்புறம் மழைக்காலம் முழுக்கக் கோடு போட்டுத்தான் துடைக்கும்.

வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் துளை உறைந்து பீய்ச்சாது. ஒரு லிட்டருக்கு 750 மில்லி தண்ணீர், 250 மில்லி அதே 70 சதவீத ஆல்கஹால். மைனஸ் 5 வரை தாங்கும்.

*

கேள்வி: கவர் போட்டால் பிரச்சினையே இல்லையே?
— கோத்தகிரி

பதில்: வண்டி சுத்தமாக, உலர்ந்து இருந்து, கவரும் உலர்ந்து இருந்து, காற்றும் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை. இந்த நான்கும் ஒரே இரவில் மலையில் சேர்வது அபூர்வம். தூசி படிந்த வண்டி மேல் கவரைப் போட்டால் காற்றில் அது இரவு முழுக்க அசைந்து நீங்கள் துண்டால் செய்யும் வேலையை நிதானமாகச் செய்யும். ஈரக் கவர் பெயின்டோடு உறைந்து ஒட்டும், காலையில் உரிக்கும்போது இழுப்பு எல்லாம் பெயின்டுக்கு.

முன் கண்ணாடிக்கு மட்டும் மூடுங்கள். பழைய கம்பளி ஒன்று, உலர்ந்தது, இரண்டு ஓரத்தையும் முன் கதவுகளுக்குள் செருகிச் சாத்தினால் நகராது. உலோகக் கொக்கியோ ஜிப்போ அதில் இருக்கக் கூடாது. அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் ஈரம் இழுத்துக் கண்ணாடியோடு ஒட்டி, கூழாகி, ஐஸைவிடப் பெரிய தொல்லை தரும். சைடு மிரருக்குப் பிளாஸ்டிக் பை கட்டுவதை வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை, தெரிந்ததுதான். பழைய கம்பளிக் காலுறை பையைவிடப் பொருத்தமாக உட்காரும்.

*

கேள்வி: ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, சூடாகும் வரை உள்ளே காபி குடித்துவிட்டு வரலாமா?
— உதகை

பதில்: கதவு அடைத்த ஷெட்டில் கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷெட்டும் வீடும் ஒரே சுவர் என்றால் வீட்டுக்குள்ளேயே வரும். பாதிக் கதவு திறந்துவைப்பதும் பத்தாது. வண்டியை வெளியே தள்ளிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், ஆள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

*

கேள்வி: பால் ஊற்றப் போகும் ஸ்கூட்டர். சீட், ஹெல்மெட் வைசர், ஸ்பீடோமீட்டர் எல்லாம் ஐஸ்.
— கூக்கல்துறை

பதில்: ஹெல்மெட்டை வெளியே விடுவதே தவறு, ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். வைசரும் மீட்டர் மூடியும் பிளாஸ்டிக், ஆல்கஹாலும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம், தண்ணீர் மட்டும். சீட்டின் மேல் உலர்ந்த சாக்கு ஒன்று போட்டால் போதும். சீட் உறையில் கிழிசல் இருந்தால் பஞ்சு தண்ணீர் குடித்து உள்ளேயே உறையும், டேப் ஒட்டுங்கள். டிஸ்க் பிரேக் தட்டில் பனி படிந்திருக்கும், கிளம்பிய உடனே மெதுவாக இரண்டு முறை பிரேக் தொட்டு உலர்த்துங்கள். முதல் வளைவில் பிடிக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சாவித் துவாரம் உறைந்தால் சாவியை உள்ளங்கையில் சூடாக்கிப் போடுங்கள், பலமாகத் திருப்பினால் முறியும்.

*

கேள்வி: குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். ஜனவரியில் ஒரு குடும்பத்தை அவர்கள் காரிலேயே மணாலிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே விழும் பனியை எப்படி எடுப்பது? நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.
— குன்னூர்

பதில்: அது வேறு விதமான வேலை. இங்கே "பெயின்டைத் தொடாதீர்கள்" என்றோம், அங்கே கூரையை ஒதுக்கியே ஆக வேண்டும். புதிதாக விழுந்த பனியின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. இரண்டு சதுர மீட்டர் கூரையில் ஓர் அடி பனி நின்றால் அறுபது கிலோ, ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி. ஈரப்பனி என்றால் இன்னும் பல மடங்கு. இறக்கத்தில் பிரேக் போட்ட நொடியில் அது முன் கண்ணாடியில் வந்து விழும்.

முதல் வேலை சைலன்சர் வாய். பனி அடைத்திருந்தால் புகை வண்டிக்குள்தான் வரும். அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஸ்டார்ட். பிறகு கூரை, அடுத்தது கண்ணாடி, கடைசியில் பானெட், விளக்குகள், நம்பர் பிளேட். மேலிருந்து கீழாகத்தான், இல்லாவிட்டால் சுத்தம் செய்த கண்ணாடியின் மேல் கூரைப் பனி இறங்கும். கையில் நுரைத் தலை வைத்த தள்ளுகோல் இருக்க வேண்டும், அந்த ஊர்க் கடைகளில் கேளுங்கள். தென்னந்துடைப்பமோ பிளாஸ்டிக் பிரஷோ கூடாது, ஹோட்டலில் மண் அள்ளும் மண்வெட்டியைக் கொண்டுவருவார்கள், அது பக்கத்திலேயே வரக் கூடாது.

தள்ளும் முறையில்தான் சூட்சுமம். பனி அடியில் பெயின்டைத் தொடும் கடைசி இரண்டு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் சறுக்கித் தள்ளுங்கள், கோல் பனி மேல்தான் வழுக்க வேண்டும், தகரத்தின் மேல் அல்ல. கூரையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பட்டை பட்டையாக இழுக்கலாம். மிச்சமிருக்கும் மெல்லிய அடுக்கு வண்டி சூட்டிலும் வெயிலிலும் போய்விடும். ஓரத்தில் கட்டிக்கட்டியாக ஐஸ் ஒட்டியிருந்தால் தட்டிப் பெயர்க்காதீர்கள், கட்டியோடு பெயின்டும் வரும்.

டீசல் வண்டி என்றால் இன்னொன்று. நம் ஊர் டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் கட்டியாகி ஃபில்டரை அடைக்கும். டேங்கில் ஊர் டீசல் குறைவாக இருக்கும்போதே மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நிரப்புங்கள். லடாக் போன்ற இடங்களுக்காக இந்தியன் ஆயில் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலே கொண்டுவந்தது, அவ்வளவு முக்கியமான விஷயம் இது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டியா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 35 வரை பயமில்லை. கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய்க்கும் மாட்டுக்கும் விஷம், சிந்தினால் கழுவிவிடுங்கள்.

இரவில் நிறுத்தும்போது சமதளமாகப் பார்த்து, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளில் ஈரம் இருந்தால் உறைந்து காலையில் விடாது. ஊட்டிச் சரிவுகளில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடாதீர்கள், இங்கே ஹேண்ட்பிரேக், கியர், கல் மூன்றுமே வேண்டும்.

*

கேள்வி: கண்ணாடியில் வெங்காயம் அல்லது உருளைக்கிழங்கு தேய்த்தால் ஐஸ் பிடிக்காதாம். வினிகர், உப்புத் தண்ணீரும் சொல்கிறார்கள்.
— பூம்பாறை

பதில்: உருளைக்கிழங்கு விளையும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. தேய்த்தால் கண்ணாடியில் மாவுப் படலம்தான் மிஞ்சும், எதிரே லைட் வந்தால் ஒன்றும் தெரியாது. சமையல் வினிகரில் அமிலம் 5 சதவீதம்தான், அது மைனஸ் 2-ஐ ஒட்டியே உறைந்துவிடும். உப்புத் தண்ணீர் ஐஸை இளக்கும், உண்மை. பிறகு கதவின் அடியிலும் பெயின்ட் விரிசலிலும் போய் உட்கார்ந்து துருவையும் வரவழைக்கும். கிழங்கைப் பொரியல் செய்யுங்கள்.

*

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் 33 வைத்துக் காற்றடித்துவிட்டு ஏறினால் மறுநாள் காலை ஊட்டியில் 31 காட்டுகிறது. பஞ்சரா?
— வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இல்லை. 32 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்தால் டயர் காற்று சுருங்கி ஐந்து பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் மூன்று கூடுதலாகக் காட்டும். மிச்சம் இரண்டு. கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் மலையில் தங்குவதானால் காலைக் குளிரில் 33-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இறங்கும் முன் மறக்காமல் குறையுங்கள்.

*

கேள்வி: ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு என்ன செய்வது? செராமிக் கோட்டிங் போட்டால் ஐஸ் பிடிக்காதா?
— காந்தல் வாசகரே மறுபடி

பதில்: கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டவில்லை என்றால் கீறல் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, மெஷின் பாலிஷில் போகும். நகம் தட்டினால் ஆழம் அதிகம், பாலிஷ் பலிக்காது. உள்ளே சாம்பல் நிற பிரைமரோ தகரமோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் டச்-அப் வையுங்கள், மலைக் காற்றில் ஈரம் அதிகம், ஒரு பருவத்தில் துரு கொப்புளிக்கும்.

கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைச் சீவுகிறது. வருடா வருடம் பொங்கலுக்கு ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் நாலைந்து வருடத்தில் சீவ ஒன்றும் இருக்காது. எனவே இந்தப் பனிக்காலம் முடிந்து, மாசி பிறந்த பிறகு ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

செராமிக் போட்டாலும் ஐஸ் பிடிக்கும், வானத்துக்கு வெப்பம் போவதை அது தடுக்காது. பிடித்த ஐஸ் சீக்கிரம் வழுக்கி விழும், தூசி கொஞ்சம் குறைவாக ஒட்டும், அவ்வளவே. அதே பலனில் பெரும்பகுதியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கையால் போடும் வேக்ஸ் தரும். கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். அந்தத் தேங்காய்ப்பூத் துண்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.